கொடைக்கானலில் யார் பெயர் எழுதப்பட்டது?

கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் போட ஒரு காலத்தில் காசு மட்டும் போதாது. பெயர் ஏட்டில் இருக்க வேண்டும். 1890-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் படகுச் சங்கம் குறைந்த அளவு உறுப்பினர்களுக்காகவே நடந்தது. 1910-இல் புதிய படகுத்துறை எழுந்தது; அப்போதும் கரையில் நின்று பார்த்தவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 1932-இல்தான் வெளியூர்ப் பயணிகளும் பொதுமக்களும் சங்கத்துப் படகில் ஏற வழி பிறந்தது. அதுவும் தற்காலிக உறுப்பினராகப் பதிந்துகொண்டுதான். கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதந்து வருவதற்கும் உறுப்பினர் என்ற தகுதி தேவைப்பட்டது.

இத்தனைக்கும் அந்த ஏரி மனிதக் கை கட்டியது. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைத் தண்ணீர் தேங்கிய சதுப்பு நிலத்துக்குக் குறுக்கே கரை எழுப்பினார். சொந்தப் பணத்தையும் போட்டார். மீன்குஞ்சுகள் விட்டார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். சாலை இல்லாத மலை அது. கடற்கரையில் செய்த படகு ஏழாயிரம் அடி உயரத்துக்கு மனிதத் தோளேறித்தான் வந்திருக்க முடியும். அதைச் சுமந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இன்று கைப்பேசியில் நட்புப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு, யாரை வைத்துக்கொள்வது, யாரை எடுத்துவிடுவது என்று யோசிக்காதவர்கள் குறைவு. பள்ளித் தோழர், பழைய மேலாளர், சித்தப்பா மகனின் மைத்துனர், ஒரே ஒரு கல்யாணத்தில் கைகுலுக்கிய மனிதர் என்று பெயர்கள் நீள்கின்றன. நம் காலத்துக்கே உரிய சங்கடம் இது என்று தோன்றலாம். ஆனால் ‘யார் நம்மவர்’ என்று எழுதி வைக்கும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைக் கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் நன்றாகப் பார்க்க முடிகிறது. சிறிய ஊர். இருந்தவர்கள் எல்லாருமே வெளியிலிருந்து வந்தவர்கள், மலைவாசிகளைத் தவிர. வந்த ஒவ்வொரு கூட்டமும் வந்த கையோடு ஓர் ஏட்டைத் திறந்தது.

வெள்ளைக்காரர்களின் ஏட்டிலிருந்து தொடங்கலாம். 1821-இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்ட் வெள்ளகவி வழியாக மலையேறி நில அளவை செய்தார். அதற்குப் பின் ஒன்றிரண்டு அதிகாரிகள் வந்து போனார்கள். ஊர் என்று ஒன்று உருவாகக் காரணமானவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1834-இல் மதுரையில் பணி தொடங்கியவர்கள் அவர்கள். காலராவும் காய்ச்சலும் அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் வரிசையாகக் கொண்டுபோயின. முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் கொடைக்கானலில் ‘சன்னிசைட்’, ‘ஷெல்டன்’ என்ற இரண்டு வீடுகளுக்கு அடித்தளம் போட்டார்கள். பிழைத்துக் கிடப்பதற்காக ஏறிய மலை அது. இதை மறந்துவிட்டு அவர்களின் கதையைச் சொல்வது நியாயமாகாது.

உதகை போலக் கொடைக்கானல் அரசாங்கத்தின் கோடைத் தலைநகரம் ஆகவில்லை. கவர்னரும் அவர் பரிவாரமும் நீலகிரிக்குப் போனார்கள். இங்கே வந்தவர்கள் மிஷனரிகள், மதுரை வட்டார அதிகாரிகள், ஓய்வுபெற்ற ராணுவத்தார், தோட்ட முதலாளிகள். பதவி வரிசை பார்த்து நாற்காலி போடும் கெடுபிடி உதகை அளவுக்கு இங்கே இல்லை. ஆனாலும் ஏடுகள் ஒன்றுக்கு இரண்டாக இருந்தன. ஆங்கிலேயர்களுக்கான கிளப் 1887-இல் வந்தது. கோல்ஃப் கிளப் 1895-இல். மிஷனரிகளோ தங்களுக்கென்று கொடைக்கானல் மிஷனரி யூனியன் என்ற சங்கத்தை வைத்துக்கொண்டார்கள். அங்கே நூலகமும் டென்னிஸ் மைதானமும் கூட்டங்களும் உண்டு. மதுக்கோப்பையும் சீட்டாட்டமும் கொண்ட கிளப் அவர்களில் பலருக்கு ஒத்துவராது. கிளப்காரர்களுக்கோ, ஜெபக்கூட்டத்தோடு சேர்ந்து வரும் பொழுதுபோக்கில் நாட்டமில்லை. ஒரே ஏரி, ஒரே குளிர்; கரையில் இரண்டு கூட்டம்.

கிளப்பில் ஒருவர் எப்படிச் சேர்ந்தார் என்பது கவனிக்க வேண்டியது. பிரிட்டிஷ் இந்தியாவின் கிளப்புகளில் பொதுவாக நிலவிய முறை இது. ஏற்கெனவே உள்ள உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பிறகு ரகசிய வாக்கு. ஒரு பெட்டி சுற்றி வரும். ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டு வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ போடுவார்கள். கறுப்பு உருண்டைகள் விதியில் சொன்ன அளவைத் தொட்டால் வந்தவருக்குக் கதவு அடைபடும். சில கிளப்புகளில் ஓர் உருண்டையே போதும். யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று அவருக்குத் தெரியாது. காரணம் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. முகநூலில் ஒருவரை நீக்கும்போது நீக்கப்பட்டவருக்குத் தகவல் போகாது என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். நிராகரிப்பவர் முகத்தை மறைத்துக்கொள்ள வழி செய்து கொடுப்பது இரண்டுக்கும் பொது.

கிளப்புக்கு முந்தைய படி ஒன்று இருந்தது: அட்டை போடுவது. ஊருக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரர் தன் பெயர் அச்சிட்ட சிறு அட்டைகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். இங்கிலாந்தில் பழைய குடிகள்தான் புதியவரைத் தேடிப் போவார்கள். இந்தியாவில் அது தலைகீழ், புதியவர்தான் படியேற வேண்டும். பங்களா வாசலில் ஒரு தகரப் பெட்டி தொங்கும். அதன்மேல் ‘வீட்டில் இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வீட்டம்மா உள்ளே இருந்தாலும் அதுதான் எழுத்து. அட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். சில நாளில் அந்த வீட்டார் பதிலுக்கு அட்டை போட்டால் புதியவர் ஊரின் வட்டத்துக்குள் வந்துவிட்டார் என்று பொருள். பதில் வராவிட்டால் விருந்தில்லை, டென்னிஸ் இல்லை, தெருவில் தலையசைப்பும் இல்லாமல் போகலாம். நட்புக் கோரிக்கை அனுப்பிவிட்டு ஏற்கப்படுமா என்று காத்திருக்கும் தவிப்பு அந்தத் தகரப் பெட்டிக் காலத்திலேயே இருந்தது.

இந்த நடைமுறை எதிலும் அந்த வீட்டுக்குள் நாள் முழுக்க இருந்தவர்களுக்கு இடமில்லை. சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர், குதிரைக்காரர். இவர்களை விடவும் முக்கியமானவர்கள் டோலி தூக்கிகள். 1875-இல் தெற்கே நீண்ட ரயில் பாதையில் அம்மையநாயக்கனூரில் ‘கொடைக்கானல் ரோடு’ நிலையம் வந்தது. அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம், மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. அதற்கு மேல் ஏறக்குறைய பன்னிரண்டு மைல் செங்குத்துப் பாதை. பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் நாற்காலியில் உட்கார, மூங்கில் கழிகளைத் தோளில் வைத்து ஆட்கள் மாறி மாறித் தூக்கி ஏறினார்கள். வீட்டுச் சாமான், பெட்டி, பியானோ எல்லாம் அதே வழி. ஆங்கிலத்தில் அந்தப் பாதைக்கே கூலிகளின் பெயர்தான். 1910-களின் நடுவில் வத்தலகுண்டு வழி மலைச்சாலையில் மோட்டார் ஓடத் தொடங்கும்வரை அந்த ஊரை ஊராக வைத்திருந்தவர்கள் அவர்கள். மிஷனரிகளின் கடிதங்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் அந்தப் பயணம் திரும்பத் திரும்ப வருகிறது. நிலவொளி வருகிறது, பாட்டு வருகிறது, தூக்கிகளின் மூச்சிரைப்பும் வருகிறது. பெயர்கள் வருவது அரிது. ஆறேழு மணி நேரம் ஒருவர் தோளில் உட்கார்ந்து வந்த பிறகும் அவர் யாரென்று கேட்கத் தோன்றாத உறவு அது. நட்பை நெருக்கத்தால் அளக்க முடியாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இந்த மலையில் இல்லை.

1901-இல் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ‘ஹைகிளர்க்’ என்ற பழைய விடுதிக் கட்டிடத்தில் பள்ளி திறந்தது. மார்கரெட் எடி முதல் முதல்வர். சமவெளியில் வேலை செய்யும் பெற்றோர் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் பார்க்க முடியாமல் தவித்த நிலைக்கு அது மருந்தாக வந்தது. அன்று அது ஒரு சிறு கூட்டத்தின் பிள்ளைகளுக்கான பள்ளி. 1970-களில் இந்தியாவில் வெளிநாட்டு மிஷனரிகள் குறைந்துபோனார்கள், பிள்ளைகளும் குறைந்தார்கள். பள்ளி ‘கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, பல நாட்டாருக்கும் இந்தியக் குடும்பங்களுக்கும் அகலக் கதவைத் திறந்தது. இன்று அது நாடறிந்த பள்ளி.

படகுச் சங்கத்தையும் பள்ளியையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று பிடிபடுகிறது. ஏடுகள் பெரும்பாலும் மனம் இளகியதால் திறக்கவில்லை. உள்ளே ஆள் குறைந்தபோது, அல்லது வெளியே நிற்பவரின் பணமும் பலமும் பெருகியபோது திறந்தன. நல்ல மனம் கொண்டவர்கள் அந்தக் கூட்டங்களில் எப்போதும் இருந்தார்கள். ஆனால் தேவை வந்த பிறகுதான் அவர்கள் பேச்சு எடுபட்டது.

சென்னையில் இதற்கு மாறாக ஒரு முயற்சி முன்பே நடந்தது. 1832-இல் தோன்றிய மெட்ராஸ் கிளப் இந்தியர்களைச் சேர்க்கவில்லை. நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டு கழித்துத்தான் சேர்த்தது. அதற்கு விடையாக 1873-இலேயே காஸ்மாபாலிடன் கிளப் தொடங்கியது. இந்தியரும் ஐரோப்பியரும் ஒரே மேசையில் உட்காரலாம். பம்பாயில் கவர்னர் வில்லிங்டன், இரு தரப்பையும் சேர்க்கும் ஒரு கிளப்பைத் தாமே தொடங்கினார். பின்னர் அவரே சென்னை கவர்னராக வந்தார். ஜார்ஜ் ஆர்வெல் 1934-இல் வெளியிட்ட பர்மா நாவலின் கதை முடிச்சே, ஒரு சின்ன ஊர் கிளப்பில் சுதேசி ஒருவரைச் சேர்ப்பதா என்பதுதான். சேரத் துடிக்கும் அந்த டாக்டரின் பெயர் வீராசாமி. கிளப்பில் பெயர் விழுந்துவிட்டால் தன்மேல் யாரும் பழி சுமத்த முடியாது என்று அவர் நம்புகிறார். கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் உறுப்பினர் அட்டை ஒரு கவசம் என்ற எண்ணம் கற்பனை இல்லை.

அரசர்களுக்கும் அந்தக் கவசம் எளிதில் கிடைக்கவில்லை. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இங்கிலீஷ்காரரைப் போலவே வளர்க்கப்பட்டவர். 1915 ஆகஸ்டில் மெல்போர்ன் பதிவாளர் அலுவலகத்தில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். ஊர் திரும்பியபோது புதுக்கோட்டை மக்கள் வரவேற்றார்கள். பிரிட்டிஷ் அரசு மோலியை ராணியாக ஏற்க மறுத்தது. வெள்ளை அதிகாரிகளின் வட்டம் அவரை ஒதுக்கியது. உதகையிலும் அதே கதி. அதுவரை மன்னரோடு விருந்துண்டவர்கள்தான் அவர்கள். மன்னரின் மனைவி வெள்ளைக்காரி என்றானதும் கோடு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். 1916 ஏப்ரலில் தம்பதி இந்தியாவை விட்டுக் கிளம்பியது. அந்த ஆண்டே பிறந்த மகனுக்கு அரசுரிமை மறுக்கப்பட்டது. மார்த்தாண்டர் 1928-இல் பாரிஸில் இறந்தார். விருந்து அழைப்பில் ஒரு பெயரை விடுவது ஓர் அரச மரபின் வரிசையையே மாற்றியது.

கொடைக்கானல் மலைமேல் அதற்கு நேர் எதிரான ஒரு வாழ்க்கையின் அடையாளம் நிற்கிறது. இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த ஹாரிசன் என்ற வெள்ளைக்காரப் பெண் சைவம் தழுவி லீலாவதி ஆனார். கணவர் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்காக நிறுவிய இராமநாதன் கல்லூரியில் முதல்வராகப் பணியாற்றினார். இராமநாதன் 1930-இல் மறைந்தார். 1936-இல் லீலாவதி கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டினார். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பழனி மலைக்கோயில் தெரியும். பிறப்பால் எந்த வெள்ளை வட்டத்திலும் நுழையக்கூடிய பெண், அதே ஊரில், தமிழ்க் கடவுளுக்குக் கோயில் எடுத்தார். இப்போது அது பழனி தண்டாயுதபாணி கோயில் நிர்வாகத்தில் இருக்கிறது. அங்கே வரும் கூட்டத்தில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. கும்பிட வருவதற்கு அது தடையாகவும் இல்லை. எந்த ஏடும் அவரைச் சேர்க்கவில்லை, அவராகத்தான் சேர்ந்துகொண்டார்.

இதுவரை சொன்னது வந்தேறிய வெள்ளையரின் கதை. பழிக்கப் போதுமான இடம் அதில் உண்டு. ஆனால் மலையில் முதல் ஏட்டைத் திறந்தவர்கள் அவர்கள் இல்லை.

பழனி மலையின் மேல்தட்டு ஊர்களில் நிலம் வைத்திருக்கும் பெரிய சமூகம் குன்னுவர். தாராபுரம், காங்கேயம் பக்கமிருந்து நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஏறி வந்தவர்கள் என்பது அவர்களின் வழக்கு. போர் என்றும் பஞ்சம் என்றும் காரணம் சொல்வார்கள். விருப்பாட்சி, ஆயக்குடிப் பாளையக்காரர்கள் குடியேற உதவினார்கள் என்றும் சொல்வதுண்டு. 1906-இல் வெளியான மதுரை மாவட்ட விவரச் சுவடி இதை எழுதிவிட்டு, முன்பே அங்கே பயிர் செய்துவந்த புலையரை இவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றிப் பண்ணையடிமைகளாக ஆக்கினார்கள் என்றும் பதிகிறது. ஊருக்கு ஊர் மன்னாடி என்ற தலைவர். வழக்கு தீர்ப்பது, திருவிழா முடிவு செய்வது, குற்றம் செய்தவரை ஒதுக்குவது எல்லாம் அவர் தலைமையில். அகதியாய் வந்தவர்கள் சில தலைமுறையில் நிலத்துக்காரர் ஆகி, முன்பே இருந்தவரை வெளியே நிறுத்திய கதை இது.

மதுரை, திண்டுக்கல் வட்டாரக் கிராமங்களில் ஊரின் உறுப்பினர் ஏடு எது என்று கேட்டால் தலைக்கட்டு வரிப் பட்டியலைக் காட்டுவார்கள். கோயில் கொடைக்கு ஒவ்வொரு தலைக்கட்டும் இவ்வளவு என்று வரி. மணமான ஆணின் குடும்பம் ஒரு தலைக்கட்டு. கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போனவன் பெயர் புதிதாக ஏறும். வரி கட்டினால் சாமியிடம் உரிமை, ஊர்க்கூட்டத்தில் பேச்சு, சாவுக்கு நாலு பேர். வரி வாங்க மாட்டோம் என்று ஊர் சொல்வதுதான் பெரிய தண்டனை. பணம் வேண்டாம் என்பது சலுகை போலக் கேட்கும்; அந்த மனிதருக்கு ஊரே இல்லை என்பது அதன் உள்ளடக்கம். பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் வரி வாங்காமல் இருப்பதற்கும் காரணம் இதுதான். வாங்கிவிட்டால் தேர்வடத்தில் கைவைக்க உரிமை வந்துவிடும். தேரிழுப்பு வழக்குகள் நீதிமன்றம்வரை போனதை இந்தக் கணக்கு தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது. தனித்து வாழும் பெண்ணுக்கும் அந்த ஏட்டில் தனிவரி கிடையாது. தகரப் பெட்டியையும் கறுப்பு உருண்டையையும் பேசும் தமிழர், இந்த ஏட்டையும் அதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

அதே மண்ணில் வேறு விதமான ஏடு ஒன்றும் உண்டு. மொய் நோட்டு. கல்யாண மண்டபத்தில் மேசை போட்டு ஒருவர் எழுத, ஒருவர் எண்ண, பெயரும் ஊரும் தொகையும் ஏறும். வீட்டுக்காரர் அந்த நோட்டை ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பார். எழுதியவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அதைப் பார்த்து, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டிச் செய்வார். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் இதற்கென்றே ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். சுமையும் கடனும் இதில் நிறைய உண்டு. மொய் திருப்பிச் செய்ய முடியாமல் குனிந்து போன குடும்பங்களும் உண்டு. ஆனால் இந்த ஏட்டின் இயல்பு கிளப் ஏட்டின் இயல்புக்கு எதிரானது. வந்து எழுதியவர் பெயரை வீட்டுக்காரர் தன் விருப்பத்துக்கு அடிக்க முடியாது. மனம் கசந்தாலும், பேச்சு நின்றாலும், திருப்பிச் செய்யும்வரை பெயர் அங்கேயே இருக்கும். சண்டை போட்ட பங்காளிகள் மொய் செய்யப் போன இடத்தில் பேச்சைத் தொடங்கியது நம் ஊர்களில் புதிதில்லை. ஒருவரை நீக்குவதைக் கடினமாக்கிய ஏடு அது. நம் காலத்து நட்புப் பட்டியல்கள் தொலைத்துவிட்ட குணம் அதுவென்று தோன்றுகிறது.

ஒருவர் எங்கே இருக்க வேண்டும் என்பதை அரசே எழுதித் தந்த காலமும் கொடைக்கானலுக்கு உண்டு. காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லா 1965 மே மாதம் கைதானார். முதலில் உதகை, பிறகு கொடைக்கானலில் கோகினூர் பங்களா. 1967 வரை அவர் இங்கேதான் காவலில் இருந்தார். ஊரே உல்லாசமாய் வந்து போன இடத்தில் ஒரு மனிதர் ஊரைத் தாண்ட முடியாமல் இருந்தார்.

முகநூலும் தொடக்கத்தில் ஒரு கிளப்தான். 2004 பிப்ரவரியில் அது ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும் திறந்தது. பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரிதான் நுழைவுச்சீட்டு. பிறகு ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, யேல். 2006 செப்டம்பரில்தான் 13 வயது நிறைந்த எவரும் சேரலாம் என்றானது. இங்கும் கதவைத் திறந்தது வளர வேண்டிய தேவை. ஆனால் திறந்த வேகத்தில் ஒன்று மாறியது. அதுவரை ஒரு கூட்டம் சேர்ந்து தீர்மானித்ததை ஒவ்வொரு தனி மனிதரும் தன் கையில் எடுத்துக்கொண்டார். முன்மொழிபவர், வழிமொழிபவர், மன்னாடி, உருண்டை போடுபவர் எல்லாமே ஒரே ஆள். ஒரு கணக்குக்கு ஐயாயிரம் நண்பர்கள் என்று நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. மனிதர் நிலையாக உறவு வைத்துக்கொள்ளக்கூடியவர்கள் சுமார் 150 பேர் என்று மானிடவியலாளர் ராபின் டன்பார் 1990-களில் கணித்தார். அந்த எண்ணை மறுப்பவர்களும் உண்டு. ஐயாயிரத்துக்கும் 150-க்கும் நடுவில்தான் இன்றைய சங்கடம் எல்லாம் நடக்கிறது.

அந்த அதிகாரம் கைக்கு வந்ததும் நாம் யாரைச் சேர்த்தோம் என்று பார்த்தால் பழைய கோடுகள் அப்படியே தெரிகின்றன. சாதிப் பெயரில் குழுக்கள், தெருப் பெயரில் குழுக்கள், படித்த பள்ளியின் பெயரில் குழுக்கள். வீட்டில் வேலை செய்பவர் எண் கைப்பேசியில் இருக்கும்; நட்புப் பட்டியலில் இருக்காது. டோலியில் ஏறி வந்தவர்களை இன்று குறை சொல்வது எளிது. தினமும் காய்கறி கொண்டுவருபவரின், ஆட்டோ ஓட்டுபவரின் முழுப்பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கேள்வி அவ்வளவு எளிதில்லை. கொடைக்கானலின் வரலாற்றைப் படிப்பதால் ஒரு பயன் உண்டென்றால், இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாமல் செய்வதுதான்.

எல்லா ஏடுகளிலும் கனமானது ஒன்று பாக்கி. மலையில் யார் பழங்குடி என்று எழுதும் அரசாணை. பழனி மலைப் பளியர் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். மலைப் புலையர் இல்லை. அவர்கள் பட்டியல் சாதியினராகக் கணக்கிடப்படுகிறார்கள். 1976-இல் நடந்த திருத்தத்துக்கு முன்பு தாங்கள் பழங்குடியாக இருந்ததாகச் சொல்லி, திண்டுக்கல், திருப்பூர், கோவை மாவட்ட மலைகளில் வாழும் இம்மக்கள் நீண்ட காலமாக மனுக் கொடுத்து வருகிறார்கள். மலைக்கு மேற்கே கேரளத்தில் மலைப் புலையர் பழங்குடிகள். காடும் தொழிலும் உறவும் ஒன்றாக இருக்க, மாநில எல்லைக்கல் ஒன்று நடுவில் நிற்கிறது. இந்த ஏட்டில் பெயர் இல்லாவிட்டால் பழங்குடி மாணவருக்கான இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்பதும் கடினமாகிறது. பழங்குடியல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை மெய்ப்பித்தாக வேண்டும். முன்னோர் பண்ணையடிமைகளாக இருந்த குடும்பத்திடம் எந்தப் பத்திரம் இருக்கும்?

பெயர் சேர்க்கும் வழி நீளமானது. மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும். இந்தியத் தலைமைப் பதிவாளர் ஒப்ப வேண்டும். தேசியப் பழங்குடியினர் ஆணையமும் ஒப்ப வேண்டும். அதன் பிறகு அரசமைப்பின் 342-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். முடியாதது இல்லை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறியது. அதற்கு அவர்கள் பல பத்தாண்டுகள் ஊர்வலம் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், ஒவ்வொரு ஆட்சியிலும் கதவைத் தட்டினார்கள். மலைப் புலையரின் கோரிக்கையும் அதே படிகளில்தான் ஏறியாக வேண்டும். முதல் படியான மாநிலப் பரிந்துரைக்கு வேண்டியது அந்த மலைகளில் போய் இருந்து, முதியவர்களிடம் கேட்டு எழுதும் நேர்மையான கள ஆய்வு. அவர்களின் முன்னோர் நிலம் இழந்ததை 1906-ஆம் ஆண்டுச் சுவடியிலேயே அரசு அச்சிட்டு வைத்திருக்கிறது; ஆய்வை அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.